ஓடுபாதையில் நின்ற கப்பல்

ஒரு புதன்கிழமை காலை, அத்தைக்கு இட்லி எடுத்து வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். என் கணவர் ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதை நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் என்றால் அவருடைய புள்ளி. நான் வடிவமைத்த வரைபடத்தில் அவருக்கென்று இருந்த சிவப்புப் புள்ளி. அவர் எண்ணெய்க் கப்பலில் ஃபிட்டர். குஜராத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றி ஐரோப்பாவுக்குப் போகிறோம், நடுக்கடலில் நெட் இருக்காது, கொஞ்ச நாள் புள்ளி வராவிட்டால் பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அரபிக் கடலில் கடைசியாகத் தெரிந்தார். அப்புறம் ஒன்றுமில்லை. நானும் பயப்படவில்லை. இப்போது புள்ளி வந்திருக்கிறது. அது ஆப்பிரிக்காவின் தெற்கே எங்கேயும் இல்லை. செங்கடலின் கரை ஓரம், அதுவும் தண்ணீரில் இல்லாமல், தரையில்.

பெரிதாக்கிப் பார்த்தேன். செயற்கைக்கோள் படத்தில் மணல், மணல், அதன் குறுக்கே கறுப்பாக ஒரு ஓடுபாதை, ஓரத்தில் பொம்மைகள் போல விமானங்கள். ஓடுபாதையின் மேல் என் கணவர். அவருக்குப் பக்கத்தில் அந்தக் கப்பலின் சமையல்காரருடைய பச்சைப் புள்ளி. பக்கத்தில் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒன்றின் மேல் ஒன்று. இழுத்துப் பிரித்தால்தான் இரண்டு என்று தெரிந்தது.

அடுத்த அறையிலிருந்து அத்தை, "சட்னி தீந்துடுச்சா?" என்று கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

இந்த இணையப் பக்கம் ஏன் உருவானது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் முன்பு காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் ஒப்பந்த வெல்டராக இருந்தார். கரைக்குத் தூக்கி நிறுத்திய கப்பல்களின் அடிவயிற்றில் நின்று நெருப்புப் பொறிக்கு நடுவே வேலை பார்த்தவர். "எவ்ளோ நாளு அடியிலயே நிக்கிறது? ஒரு நாளு மேல ஏறிப் பாக்கணும்" என்று சொல்லிச் சொல்லி, பயிற்சி முடித்து, கடலுக்குப் போய்விட்டார். திருவள்ளூர் பக்கத்துச் செவ்வாப்பேட்டையில் வாடகை வீட்டில் நானும் அவருடைய அம்மாவான அத்தையும். நான் சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே இணையப் பக்கங்கள் வடிவமைக்கிறேன். சாப்பாடு கொண்டு வரும் வண்டி எந்தத் தெருவில் திரும்புகிறது என்று வரைபடத்தில் காட்டும் வேலைதான் அதிகம். யாரோ வாங்கிய பிரியாணி எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியும். என் கணவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

"எங்க இருக்கீங்க?" என்றால், "கடல்ல" என்பார்.

"எந்தக் கடல்ல?"

"அதுல பேரு எழுதி வக்கலம்மா."

இதைச் சிரிப்பாகவே பல மாதம் ஓட்டினோம். ஒரு விடுமுறையில் அவர் வீட்டிலிருந்தபோது இரண்டு பேரும் உட்கார்ந்து 'பயணக் குறிப்பு' என்ற இந்தப் பக்கத்தைத் திட்டமிட்டோம். கப்பலில் நெட் என்பது அளந்து கொடுக்கும் தண்ணீர் மாதிரி. வரைபடம் திறந்தாலே தீர்ந்துவிடும். அதனால் கடலில் இருப்பவர்கள் பக்கம் வரைபடமே வேண்டாம், ஒரே ஒரு பொத்தான் போதும் என்று முடிவு செய்தோம். அதன் மேல் என்ன எழுதுவது என்று அரை நாள் பேசினோம். 'இடத்தைப் பகிர்' என்று நான் போட்டிருந்தேன். "ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்டுன மாதிரி கீது" என்றார். கடைசியில் 'இங்க இருக்கேன்' என்று ஆனது. அழுத்தினால் போன் தன் இடத்தைப் பிடித்து அனுப்பும். கூட ஒரு வரி எழுதலாம். அழுத்த மறந்தால், கப்பலின் வைஃபை கிடைத்த நேரத்தில் போன் தானாகவே அந்த நேரத்து இடத்தை அனுப்பிவிடும். அந்தத் தானாக அனுப்பும் வசதி அவர் கேட்டது. வேலை முடிந்து வந்து படுத்தால் விரல் அசைக்கவும் தெம்பு இருக்காது என்றார்.

வீட்டுப் பக்கத்தைச் சோதித்தது அத்தை. அவர் பொன்னேரிப் பக்கத்து ஊரில் நடவு வேலை பார்த்தவர். அப்புறம் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் தேய்த்தார். முழங்கால் போனதும் எங்களோடு வந்துவிட்டார். "புள்ளி கண்ணுக்கே தெரில" என்றார். பெரிதாக்கினேன். இலங்கை மொத்தமும் மறைந்துபோனது. "அது போனா போவுது, எம் புள்ள தெரிறான் இல்ல" என்றார். அவருக்காக ஒரு நடுத்தர அளவு கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கணவரோடு பயிற்சி எடுத்தவர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று பலரும் கேட்டுச் சேர்ந்தார்கள். பெரும்பாலும் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வீடுகள். முதலில் கடவுச்சொல் வைத்திருந்தேன். தினமும் யாராவது மறந்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். "லிங்க்கத் தொட்டா தொறக்கணும், அவ்ளோதான்" என்று எல்லோரும் சொன்னதால் எடுத்துவிட்டேன். தொட்டால் திறந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்தப் பக்கத்தில்தான் என் கணவர் இப்போது ஓடுபாதையில் நின்றார்.

என் தொழில் புத்தி முதலில் பிழையைத் தேடியது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிப் பதிவாவது எங்கள் வேலையில் அடிக்கடி நடக்கும் கோளாறு. மாற்றிப் போட்டுப் பார்த்தேன். புள்ளி கிரேக்க நாட்டில் போய் விழுந்தது. அதுவும் தரைதான். மற்றவர்களைப் பார்த்தேன். சிங்கப்பூரில் நிற்க வேண்டியவர் சிங்கப்பூரில் நின்றார், பிரேசில் போகிறவர் அட்லாண்டிக்கில் போய்க்கொண்டிருந்தார். என் நிரலில் பிழை இல்லை. அவர்களுடைய போன்களே அந்த இடத்தைத்தான் அனுப்பியிருந்தன.

அத்தை கை கழுவிவிட்டு வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இன்னா இது, ரோடா?"

"விமானம் ஓடுற இடம் அத்தே."

"கப்பலு அங்க எப்பிடிப் போச்சு?"

அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "ரிப்பேருக்கு மேல ஏத்தி வச்சிருப்பானுங்க. காட்டுப்பள்ளியில ஏத்தல? நைனா சொல்லுவானே." மகனை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகமும் மாறிவிட்டது. மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்து, "ஏசப்பா" என்றார்.

கணவரின் எண்ணுக்கு அடித்தேன். போகவில்லை. செய்திகள் ஒற்றை டிக்கோடு நின்றன. அவரைக் கப்பலில் ஏற்றிவிட்ட ஏஜென்ட் அலுவலகத்துக்கு அடித்தேன். பிஸி, பிஸி. கிடைத்தபோது ஒரு பெண், "ஷிப் சேஃப் மேடம்" என்றாள். எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "ஷிப் சேஃப் மேடம்" என்றாள். கேள்வியை மாற்றிக் கேட்டேன். அதே பதில். அந்தப் பெண்ணுக்கு அதை மட்டும்தான் சொல்லக் கொடுத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. கப்பல் நன்றாக இருந்தால் எதற்கு இப்படி ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்?

மதியம் சமையல்காரரின் மனைவி அழைத்தாள். கும்மிடிப்பூண்டியில் வீடு, தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. என்னைவிடச் சின்னவள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டு இடைவேளையில் வந்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். பின்னால் லாரி ஹாரன் சத்தம் கேட்டது.

"அக்கா, புடிச்சிட்டாங்களாக்கா?"

"யாரு? இன்னா சொல்றே?"

"அவங்கள. தரையில காட்டுதேக்கா. புடிச்சிக்கினு போயிட்டாங்களா?"

எனக்கு அதுவரை அந்த வார்த்தை தோன்றவே இல்லை. கோளாறு, விபத்து, கப்பல் உடைந்து ஹெலிகாப்டரில் காப்பாற்றிக் கொண்டுபோனார்கள் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன். பிடித்துக்கொண்டு போவது என்பது அவளுக்கு ஏன் முதலில் வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. அந்தச் சொல் உள்ளே இறங்கிவிட்டது. ஒன்றின் மேல் ஒன்றாக இருந்த இரண்டு புள்ளிகளும் முதுகோடு முதுகாகக் கட்டிப்போட்ட இரண்டு ஆட்களாக எனக்குத் தெரிய ஆரம்பித்தன.

"ஒண்ணும் இருக்காதும்மா. நீ வேலைக்குப் போ. எதுனா தெரிஞ்சா உங்க கேட்டுக்கே போன் பண்றேன்" என்றேன். என் குரலே எனக்கு அந்த ஏஜென்ட் அலுவலகப் பெண்ணின் குரல் மாதிரி இருந்தது.

அவள் போனை வைத்த சிறிது நேரத்தில் மறுபடி போன் அடித்தது. பார்த்தறியாத நீளமான எண். எடுத்தால் முதலில் காற்று மாதிரி இரைச்சல், அப்புறம் என் கணவர்.

"அந்தப் பக்கத்த மூடு."

"ஐயோ! எங்க இருக்கீங்க? நல்லா கீறீங்களா?"

கப்பலின் சாட்டிலைட் போன் போலிருக்கிறது, நான் பேசியது அவருக்குப் போய்ச் சேரவும், அவர் பேசுவது எனக்கு வந்து சேரவும் நேரம் பிடித்தது. என் கேள்விக்கு நடுவில் அவர் குரல் மறுபடி வந்தது. "நான் நல்லாக் கீறேன். எல்லாரும் கப்பல்லதான் கீறோம். அத விடு. மொதல்ல அந்தப் பக்கத்த மூடு. இப்பவே. கேப்டன் பக்கத்துல நிக்கிறாரு."

"விமான நிலையத்துல காட்டுது..."

"அது பொய்ம்மா. இங்க ஜிபிஎஸ்ஸ எவனோ கெடுத்து வச்சிருக்கான். எல்லாக் கப்பலும் அங்கதான் காட்டும். மூடு சொல்றேன்."

போன் கை மாறியது. கேப்டன் ஆங்கிலத்தில் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். மிகவும் அமைதியாகப் பேசினார். இந்த வழியில் போகும்போது கப்பல் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது, அதற்காகக் கப்பலின் அடையாளக் கருவியையே அணைத்துவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறோம், அப்படியிருக்க எங்கள் ஆட்களின் பெயரும் கப்பலின் பெயரும் இடமும் திறந்த பக்கத்தில் கிடக்கிறது என்று கம்பெனியிலிருந்து சொல்கிறார்கள் என்றார். பிறகு, "இந்த லிங்க் எத்தனை பேரிடம் இருக்கிறது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மனைவிகள் அம்மாக்களுக்கு அனுப்பியிருப்பார்கள், அம்மாக்கள் அக்கம்பக்கத்துக்கு. தொட்டால் திறக்கிற லிங்க். தெரியாது என்று சொன்னேன். "தயவுசெய்து மூடுங்கள்" என்றார். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

சர்வருக்குள் நுழையும் கடவுச்சொல்லை நான் மூன்று வருடமாகத் தினமும் அடிக்கிறேன். அன்றைக்குத் தப்புத் தப்பாக அடித்தேன். அத்தை எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரியாது, ஆனாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்தை மூடினேன். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் போய், வெள்ளைத் திரை வந்தது.

மூடிய பிறகுதான் யார் யார் திறந்திருக்கிறார்கள் என்று முதல்முறையாகச் சர்வர் பதிவில் பார்த்தேன். திருவள்ளூர் மாவட்டத்து ஊர்கள் வரிசையாக இருந்தன. நடுநடுவே எனக்குச் சம்பந்தமே இல்லாத நாடுகள். இணையத்தில் எல்லாப் பக்கங்களையும் மோப்பம் பிடித்துத் திரியும் இயந்திரங்கள் உண்டு, அவையாகத்தான் இருக்கும், எந்தப் பக்கத்துக்கும் இப்படித்தான் வரும். அது எனக்குத் தெரியும். ஆனால் அவற்றில் ஒன்றுகூட ஆள் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அவர் ஓடுபாதையில் இருப்பதாகக் காட்டியது பொய். அந்தப் பொய்யால்தான் உண்மையான இடம் யாருக்கும் தெரியாமல் போனது. காலையில் என் உயிரைப் பிடுங்கிய அந்தத் தப்பான புள்ளிக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா என்ன என்று தோன்றியது.

அடுத்த அதிர்ச்சி கொஞ்சம் தாமதித்து வந்தது. 'இந்த வழியில்' என்று கேப்டன் சொன்னாரே, அது எந்த வழி? ஆப்பிரிக்காவைச் சுற்றும் வழியில்லை. ஏவுகணை வருகிறது, கப்பல்கள் தாக்கப்படுகின்றன என்று செய்தியில் காட்டும் அதே வழி. அது என் கணவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எனக்கு வேறு வழியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று மாலை முழுக்க வீடுகளிலிருந்து போன் வந்தது. பக்கம் திறக்கவில்லையே என்று எல்லோரும் கேட்டார்கள். சர்வர் ரிப்பேர் என்றேன். "எப்போ சரியாவும்?" தெரியாது என்றேன். மீஞ்சூரிலிருந்து ஒரு அம்மா, "எம் மவன் சிங்கப்பூருல கீறான்னு காலையிலகூடப் பாத்தேன், இன்னாடி பேஜாரு பண்றே" என்று திட்டினார். திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் சமையல்காரரின் மனைவி நேரிலேயே வந்துவிட்டாள். வார விடுமுறையை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு, கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, சென்னை மூர் மார்க்கெட் நிலையத்தில் வண்டி மாறி, செவ்வாப்பேட்டையில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வந்திருந்தாள். அதற்குமுன் நாங்கள் நேரில் பார்த்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"ரிப்பேரு இல்லதானக்கா?"

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அத்தை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுக்களையில் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து நகரவில்லை என்பது அவர் வளையல் சத்தத்தில் தெரிந்தது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் உதவவில்லை.

"அவங்க ஆப்பிரிக்கா பக்கம் போவலம்மா. செங்கடல் வழியா போறாங்க. சண்ட நடக்குற எடம். அதான் மூடச் சொன்னாங்க. உங்கூட்டுக்காரரும் உன்கிட்ட மறைச்சிட்டாரு, நீ மனசத் தேத்திக்கோ."

அவள் என்னையே பார்த்தாள். கண்ணில் அதிர்ச்சி இல்லை. வேறு என்னவோ இருந்தது.

"எனக்குத் தெரியும்க்கா."

"இன்னா?"

"குஜராத்துல கப்பலு கெளம்புறப்பவே அவரு சொன்னாரு. கேப்டன் எல்லாரையும் கூப்ட்டு, இந்த வழியாப் போறோம், இஷ்டம் இல்லாதவங்க இங்கயே எறங்கி ஊருக்குப் போலாம், யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்னாராம். போறவங்களுக்கு அந்த நாளுக்கு மட்டும் ரெட்டைச் சம்பளமாம். ரெண்டு பேரு எறங்கிட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு என்னைக் கேட்டாரு. நான் வேணாம்னு சண்ட போட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் சேந்து யோசிச்சு, போங்கன்னு சொன்னேன்."

அடுக்களையில் வளையல் சத்தம் நின்றுவிட்டது.

"அப்ப எங்க ஊட்டுக்காரரு?"

"அவரும் போறேன்னு சொன்னாராம். உன்கிட்ட சொல்லல, சொல்லவும் வேணாம்னு எங்க ஊட்டுக்காரர்கிட்ட சொல்லி வச்சிருந்தாராம். அவரே உன்கிட்ட சொல்லாதப்ப நான் எப்பிடிக்கா வாயத் தொறப்பேன்?"

'புடிச்சிட்டாங்களா' என்று அவள் ஏன் கேட்டாள் என்பது அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு ஆபத்து இருக்கும் இடம் தெரியும். தெரிந்த பயத்தோடு அவள் தொழிற்சாலை கேட்டில் நின்றாள். நான் ஒன்றும் தெரியாமல் அட்சரேகையைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலில் இருக்கும் எல்லோரும் எங்கே இருக்கிறார்கள் என்று வீடுகளுக்குக் காட்டியவள் நான். எந்த வீட்டிலும் என்னளவுக்குத் தெரியாமல் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வந்ததா என்று பின்னால் பலர் கேட்டார்கள். கோபம் வர நாளாயிற்று. அப்போது காது அடைத்துப் போனது மட்டும்தான். அவள் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் தூரத்தில் கேட்டது.

அத்தை வெளியே வந்தார். அவர் அழுவார் என்று நினைத்தேன். நேராக அவளிடம் போய், "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். "காலையில கெளம்பினவ. வா." சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். எனக்கும் போட்டார். மூன்று பேரும் சாப்பிட்டோம். பாதியில் அத்தை, யாரையும் பார்க்காமல், "எங்கிட்டயும்தான் சொல்லல. பெத்தவ நான்" என்றார்.

சாயங்காலம் அவளை ரயிலேற்றிவிட்டு வந்தேன். பிளாட்பாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவமாக்கா?" என்றாள். இல்லை என்றேன். அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அலுவலக வேலையில் வண்டிகள் தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் கை தானாகவே பழைய லிங்க்கை அழுத்தும். வெள்ளைத் திரை வரும். மூடியவளே நான்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் திடுக்கென்றது. செய்தி பார்க்கக் கூடாது என்று அத்தை டிவி ரிமோட்டை எங்கோ வைத்துவிட்டார். போனில் பார்த்தேன். கப்பல் என்ற சொல் வந்த செய்தியை எல்லாம் கடைசி வரி வரை படித்தேன்.

ஒரு ஞாயிறு, ஆலயம் முடிந்து வெளியே வரும்போது செய்தி வந்தது. 'தாண்டிட்டோம். எல்லாரும் நல்லாக் கீறோம். வந்து பேசுறேன்.' அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "இன்னோரு வாட்டி படி" என்றார். படித்தேன். ஆலயத்து வாசலிலேயே நின்று, எல்லோரும் பார்க்க, சத்தமாக அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த மூன்று வரியிலும் மன்னிப்பு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டுக்கு வந்தது சில மாதங்கள் கழித்து. வந்த அன்று ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கேட்டேன்.

"சமையல்காரரு அவங்க ஊட்ல சொன்னாரு. நீங்க ஏன் சொல்லல?"

அவர் நகத்தில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். "நீ வேணாம்னு சொல்லுவே."

"ஆமா, சொல்லுவேன்."

"வேணாம்னு சொன்ன பின்னாடி என்னால போவ முடியாது. எறங்குறதுக்கும் மனசு வரல. கூட இருக்குறவங்கள அங்க வுட்டுட்டு எப்பிடி எறங்குறது? அதான் கேக்கவே இல்ல."

"எல்லாரும் எங்க இருக்காங்கன்னு காட்ட ஒரு பக்கம் செஞ்சேன். உங்ககூட ஒக்காந்து செஞ்சேன். அதுல நீங்க பொய் சொல்லிட்டுப் போனீங்க."

"பொய் சொல்லலம்மா. போனு தானா அனுப்புறத அணைச்சு வச்சேன்னு நெனச்சேன். அன்னிக்கு எல்லாரும் ஊட்டுக்கு ஒரு மெசேஜ் போடட்டும்னு கேப்டன் கொஞ்ச நேரம் வைஃபைய தொறந்து வுட்டாரு. போனு தானா அனுப்பிடுச்சு."

"அனுப்புனது போனு. நான் பேசுறது போனப் பத்தி இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கப்பலை ஓட்டும் மேல்தள அறையில் இருந்த திரையிலும் கப்பல் ஓடுபாதையில்தான் நின்றதாம். அதிகாரிகள் ரேடாரையும் கரையில் தெரிந்த மலையையும் பார்த்தே ஓட்டினார்களாம். தூரத்தில் ஒரு புகை தெரிந்ததாம், அது என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லையாம். அவர் அப்போது எஞ்சின் அறையில் லைஃப் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தாராம். இதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. எனக்குத் தெரிந்து அவர் குரல் உடைந்து கேட்டது அன்றுதான். நான் அவர் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொண்டிருக்கலாம். அன்று முடியவில்லை.

பயணக் குறிப்பை மறுபடி திறந்தோம். இப்போது கடவுச்சொல் உண்டு. கப்பலின் பெயர் இல்லை. இடம் சில நாள் கழித்துத்தான் தெரியும், அதுவும் கடலில் இருப்பவர் சரி என்று சொன்னால்தான். தானாக அனுப்பும் வசதியை எடுத்துவிட்டேன். மீஞ்சூர் அம்மா, "பழைய சோத்த போடுறியே" என்று கோபித்துக்கொண்டு பார்ப்பதையே விட்டுவிட்டார். இன்னும் சிலரும் விட்டுவிட்டார்கள். சமையல்காரரின் மனைவி மட்டும் புதிய வடிவத்துக்கு ஒவ்வொரு திரையாகப் பார்த்துக் கருத்துச் சொன்னாள். "எங்க கீறாருன்னு வேணாங்கா, இன்னிக்கு இன்னா சாப்ட்டாருன்னு போடு" என்றாள். "உங்க ஊட்டுக்காரருதான சமைக்கிறாரு, அவரையே கேளு" என்றேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் முறை. ஆனால் எனக்கு இடம் வேண்டும். சில நாள் பழையது என்றாலும், வரைபடத்தில் அவர் எங்கே என்று தெரிய வேண்டும். இதில் எனக்கும் அவளுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

போன வாரம் ஏஜென்ட் அழைத்தார். புதிய கப்பல், அடுத்த மாதம் ஏற வேண்டும். என் கணவர் வழக்கமாக வாசலுக்குப் போய்ப் பேசுவார். இந்த முறை உள்ளேயே உட்கார்ந்து, போனை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரை அழுத்தினார். என்னைப் பார்த்தார்.

"எந்த வழியாப் போவுது சார்?" என்று நான் கேட்டேன்.

"யாரு பேசுறது?"

"அவங்க வீட்ல."

ஏஜென்ட் தொண்டையைச் செருமினார். "அத கம்பெனி முடிவு பண்ணும் மேடம். இப்ப சொல்ல முடியாது."

"முடிவு பண்ண அப்புறம் எனக்கு யாரு சொல்லுவாங்க?"

என் கணவர் போனை நோக்கிக் குனிந்து, "நான் சொல்லிடுறேன் சார், அது எங்க ஊட்டு வெவகாரம்" என்றார்.

கட்டிலிலிருந்து அத்தை, "சத்தமா சொல்லு நைனா, எனக்கும் கேக்கணும்" என்றார்.